தேவையில்லை என்று நீக்கிய வரி

பெரியவர் வேண்டுகோளைக்கூடக் கட்டளையாகத்தான் சொன்னார். பின்னால் அவர் மகன் நின்றான்.

"என் தம்பியும் இவனும் ஒரே ஆய்வகத்துல வேலை. டோபாலஜின்னு ஏதோ கணக்காம், அதை எண்ணுற கம்ப்யூட்டர் நிரல் ஒண்ணை ரெண்டு பேருமே தன்னோடதுன்னாங்க. தம்பிதான் திருடன்னு தீர்ப்பாச்சு. போன மாசம் போய்ச் சேர்ந்துட்டான். எங்க பரம்பரையில திருட்டு கிடையாது. ரெண்டு பேரும் திருடலன்னு நிரூபிங்க."

"ரெண்டும் சேர்ந்து நடக்காதுங்க ஐயா," என்றார் துப்பறிவாளர். ஒரு காலத்தில் கல்லூரியில் கணிதம் நடத்தியவர்.

உதவியாளர் இரண்டு நிரல்களையும் ஒப்பிட்டாள். "ஈயடிச்சான் காப்பி சார். ஒரே ஒரு ஈயை மட்டும் விட்டிருக்காங்க. தம்பியோடதுல 'சேர்த்த கணத்தை வரிசைப்படுத்து'ன்னு ஒரு வரி கூடுதலா இருக்கு. கடைசியில குறிச்சு வெச்சிருக்கற பதில் ரெண்டுலயும் ஒண்ணுதான். ரெண்டு புள்ளிக்கு நாலு டோபாலஜி, மூணுக்கு இருபத்தொன்பது."

"மகனோடதை ஓட்டிப் பாருங்க. ரெண்டு புள்ளி போதும்."

திரையில் வந்த விடை நான்கல்ல, இரண்டு.

"நான் எழுதினதுதான் சார்," என்றான் மகன் அவசரமாக.

"அந்த வரி ஏன் இல்ல?"

"கணத்துல வரிசையே கிடையாதே! அது வீண் வரின்னு எடுத்துட்டேன்."

"எடுத்தீங்க. அப்போ முன்னால இருந்திருக்கு. எழுதினவருக்கு அது வீண் வரி இல்லன்னு தெரிஞ்சிருக்கும்."



துப்பறிவாளர் பெரியவரிடம் திரும்பினார். "டோபாலஜிங்கறது கணங்களோட ஒரு குடும்பம். எந்த ரெண்டைச் சேர்த்தாலும் வர்றது அந்தக் குடும்பத்துலயே இருக்கணும். தாள்ல 'அ, ஆ'வும் 'ஆ, அ'வும் ஒரே கணம். இந்த நிரலுக்கு அது வெறும் பட்டியல். வரிசை மாறினா வேற ஆள். வரிசைப்படுத்தலைன்னா சொந்தக் கணத்தையே அந்நியம்னு தள்ளிடும். உங்க தம்பிக்கு அது தெரியும். இவர் வரியை எடுத்தார், விடையை மட்டும் அப்படியே வெச்சுக்கிட்டார். ஓட்டிக்கூடப் பார்க்கல."

"சித்தப்பா இன்னொண்ணு எழுதிடுவாருன்னு நெனச்சேன்பா…"

பெரியவர், "தம்பி மூணு மாசம் எனக்குப் போன் பண்ணினான். திருடனோட எனக்கென்ன பேச்சுன்னு எடுக்கல. சாவுக்கும் போகல," என்றார்.

பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"ஆய்வகத்துக்கு இப்பவே உண்மையை எழுதிக் குடு. அப்புறம் உன் சித்தி வீட்டுக்குப் போகணும்."

"சித்தி கதவைத் திறக்க மாட்டாங்கப்பா."

"திறக்க வேணாம். நாம வெளியிலயே நிப்போம்."