கந்தகம் வாயசைத்த மூன்றாம் பாட்டு

2041-இல் கல்யாண வீடியோவை யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. மெய்யொலிப்பான் என்ற இயந்திரம் வந்த முதல் வருடமே பாதிப் பேர் எரித்துவிட்டார்கள். மீதிப் பேர் போட்டுக் கேட்டுவிட்டு, சம்பந்தியை எரித்தால் என்ன என்று யோசித்தார்கள்.

இயந்திரத்தின் வேலை எளியது. சத்தம் பட்டால் எந்தப் பொருளும் நடுங்கும்: தண்ணீர் டம்ளர், திரைச்சீலை, சட்டைக் காலர். பழைய வீடியோவில் படத்தை வரையும் ஒவ்வொரு கோட்டிலும் அந்த நடுக்கம் இருக்கிறது. மெய்யொலிப்பான் அதைப் படித்து, அந்த அறையில் உண்மையில் எழுந்த ஒலியைத் திருப்பித் தரும். மேளச் சத்தத்துக்கு அடியில் மாமியார் முணுமுணுத்தது முப்பது வருடம் கழித்து மருமகள் காதில் விழுந்தது. இப்போதெல்லாம் கேமராவைக் கண்டால் ஜனங்கள் வாயை இறுக மூடிக்கொள்கிறார்கள்.

ஞானதுரைக்கு மட்டும் அந்த இயந்திரம் வரப்பிரசாதம். வயது எழுபத்தெட்டு. 1986-இல் பெரம்பூரின் 'கந்தகம்' என்ற மூவர் ஹெவி மெட்டல் குழுவில் கிட்டார் வாசித்தவர். குழு தொலைக்காட்சியில் மூன்றே முறை வந்தது, முறைக்கு ஒரு பாட்டு. மூன்றாவது முறை, நேரடி ஒளிபரப்பில், பாடகரான அவருடைய அண்ணன் அல்போன்ஸ் பாட்டின் நடுவே பின்னால் திரும்பினார். டிரம்ஸ் வாசித்த சபாபதியின் வாய் அசைந்தது. அல்போன்ஸ் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். வீட்டுக்குத் திரும்பவே இல்லை. பதினோரு வருடம் கழித்து, கோலாரில் ஒரு லாட்ஜில் இறந்துபோனார் என்று தகவல் மட்டும் வந்தது.

யாரோ ஒரு ரசிகர் வீட்டு வி.சி.ஆரில் பதிந்துவைத்த அந்த மூன்று நிகழ்ச்சிகளும் மெய்யொலியோடு வெளிவரப்போகின்றன. எல்லாம் ஞானதுரையின் ஏற்பாடு. ஊரே சபாபதியைக் காறித் துப்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

சட்டம் கறாரானது. படத்தில் தெரிபவர்கள் கேட்பதற்கு முன்பே கையெழுத்திட வேண்டும். பிறகு ஒரு சொல்லைக்கூட வெட்ட முடியாது. வெளியீட்டை நிறுத்துவதென்றால் கேட்டு முடித்ததும் அதே அறையில் எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்காக மூலையில் கேமரா ஓடும். அந்தப் பதிவு பொதுக் காப்பகத்துக்குப் போகும்.

"போட்றா கையெழுத்த," என்றார் ஞானதுரை. "பயமா இருக்கா?"

"ஒன்னப் பாத்தா அருவருப்பா இருக்கு." சபாபதி கையெழுத்திட்டார்.

"எங்கண்ணனக் கொன்னவன் நீ."

"இதத்தான் அம்பத்தஞ்சு வருஷமா பேட்டிக்குப் பேட்டி சொல்ற. வேற எதனா இருந்தா சொல்லு."

இயந்திரத்தை இயக்கும் நிலானி குறுக்கே புகுந்தாள். "சார், அன்னிக்கு நீங்க யாரும் நெஜமா வாசிக்கலதானே?"

"அங்க எவன் வாசிச்சான்? ரெக்கார்டு ஓடும், நாங்க சும்மா ஆடுவோம். டிரம்ஸ் மேல துண்டு போட்டு மூடிட்டாங்க," என்றார் சபாபதி.

"அப்ப சுலபம். ஓடின ரெக்கார்டக் கழிச்சிட்டா மிச்சம் பேச்சுதான்."

பொத்தானை அழுத்தினாள். துண்டின் மேல் குச்சி விழும் மொத்து மொத்தென்ற சத்தம். பிறகு கரகரத்து உடைந்த ஒரு குரல். அல்போன்ஸ்.

"சபா, இது யாரு பாடறது?"

"நீதாண்டா. நிறுத்தாத, பாடு."

"நான் இல்ல. இது என் தம்பி தொர."

"ஒனக்குத் தொண்ட கட்டியிருந்துச்சில்ல... ரெண்டு கொரலும் ஒண்ணுதான் அல்போன்சு. வாய அசை, கேமரா பாக்குது."

"என் கொரலு எனக்குத் தெரியாதா? ஊருக்குச் சொல்லிடுடா."

தரையில் மைக் இடித்தது. அவ்வளவுதான்.

ஞானதுரை வெளிறிப்போனார். ஒலிப்பதிவு முடிந்த மறுநாள் அண்ணனுக்குத் தெரியாமல் ஸ்டுடியோவுக்குப் போய், மூன்றாம் பாட்டை முழுக்கத் தானே பாடி மாற்றியவர் அவர். உடனிருந்தது சபாபதி மட்டும். பெற்ற தாயே குழம்பும் குரல்கள், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார். ரெக்கார்டு நேராகத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனது. அல்போன்ஸ் அதை முதன்முதலாகக் கேட்டதே கேமராவுக்கு முன்னால்தான். தன் அண்ணனுக்கும் காது இருக்கிறது என்பது இந்த அறிவாளிக்குத் தோன்றவே இல்லை. கந்தகத்தை இன்றைக்கும் நாலு பேர் நினைவு வைத்திருப்பது அந்த ஒரு பாட்டால்தான், அதுவும் அல்போன்ஸின் குரலுக்காக.

"நிறுத்தணும்னா இப்பவே சொல்லணும் சார்," என்றாள் நிலானி. "ரெண்டு பேரும். சத்தமா."

ஞானதுரை வாயைத் திறந்தார். மூலையில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. வேண்டாம் என்று குரல் எழுப்பினால் அது காப்பகத்தில் குற்ற ஒப்புதலாகவே காலத்துக்கும் நிற்கும். கேமராவுக்கு முதுகைக் காட்டி, சபாபதியைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார்: வேணாம்னு சொல்லுடா. மேஜையில் இருந்த டம்ளர் தண்ணீர் அசையவில்லை.

"கேக்கல," என்றார் சபாபதி. "சத்தமா சொல்லு."

உதடுகள் மறுபடியும் அசைந்தன. கண்ணில் நீர் தளும்பியது.

சபாபதி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். அல்போன்ஸ் சொல்லச் சொன்னதை ரெக்கார்டு விற்பனைக்காகச் சொல்லாமல் விழுங்கியவர் அவர். தன்மேலேயே இருந்த அந்தக் கோபமும் இப்போது சேர்ந்துகொண்டது.

"அவன் ஒண்ணும் சொல்லலம்மா," என்றார் நிலானியிடம். "நானும் சொல்லல. வெளியிட்டுடு."