தூண்டில் வளைவுக்குத் தெற்கே

திங்கட்கிழமை காலை ராமாயி வந்து கதவைத் தட்டியபோது ரெமிஜியஸ் மெட்டல் டிடெக்டருக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். கருவி அவர் மனைவி விண்ணரசியுடையது. முப்பது வருடம் சர்வேயராக டெல்டா வயல்களை அளந்து ஓய்வு பெற்ற விண்ணரசி, இப்போது வேளாங்கண்ணிப் பக்கத்துக் கடற்கரைகளில் தொலைந்த நகைகளைத் தேடி எடுத்து உரியவரிடம் சேர்க்கிறார். கருவியைச் சுமப்பதும் அவசரப்பட்டு முடிவு சொல்வதும் ரெமிஜியஸின் வேலை.

“கடற்கரையில மாங்காய் விக்கிறேம்மா. என்னைத் திருடின்னுட்டாங்க,” என்றார் ராமாயி, உள்ளிருந்து வந்த விண்ணரசியிடம்.

முந்தின நாள், ஒரத்தநாட்டிலிருந்து வந்த லியோவும் அவன் மனைவி ஜாய்ஸும் அவரிடம் மாங்காய் வாங்கித் தின்றிருக்கிறார்கள். மிளகாய்ப்பொடி படாமலிருக்க ஜாய்ஸ் கல்யாண மோதிரத்தைக் கழற்றி மடியில் வைத்தாள். லாட்ஜுக்குத் திரும்பிய பிறகுதான் விரல் வெறுமையாக இருப்பதைக் கவனித்தாள். இருட்டுகிற நேரத்தில் ஓடிவந்து மணலைச் சலித்தார்கள். கிடைக்கவில்லை.

“பக்கத்துல இருந்தது நான் மட்டும்தான்னு அத்தனை கடைக்காரங்க முன்னாடியும் அந்தத் தம்பி சொல்லிட்டாரு. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள மோதிரம் வரலேன்னா போலீசுக்குப் போவாராம்.”

“உக்காந்த இடம் ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார் விண்ணரசி.

“தூண்டில் வளைவுக்கு வடக்கேன்னுதான் நினைச்சேன். அவங்க போன்ல எடுத்த போட்டோவைக் காட்டினாங்க, தெற்கேன்னு இருந்துச்சு. போட்டோவே சொல்லும்போது நான் என்னத்தம்மா சொல்றது?”

அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருந்தது அந்தத் தூண்டில் வளைவு. இரு பக்கமும் ஒரே மாதிரி மணல். மூவரும் போய்ச் சேர்ந்தபோது லியோ அங்கே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான், பக்கத்தில் ஜாய்ஸ். கேட்டதும் படத்தைக் காட்டினான். அவனே கையை நீட்டி எடுத்தது. பின்னால் கடல், இடப்பக்கம் கருங்கல் வரிசை. நீலப் புடவை முந்தானை வலத்தோளில் பறக்க, ஜாய்ஸ் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கடலைப் பார்த்து நின்னா இடது கை வடக்கு. கல்லு எங்களுக்கு வடக்கே இருக்குன்னா நாங்க தெற்கேதானே உக்காந்திருக்கோம்?” என்றான் லியோ.

ரெமிஜியஸுக்கு அது சரியாகவே பட்டது. உற்சாகமாகத் தெற்கு மணலில் கருவியை ஓட்டினார். ஒரு மணி நேரத்தில் கிடைத்தவை ஏழு பாட்டில் மூடிகள், ஒரு ஹேர்பின், ஒரு ரூபாய் நாணயம். ராமாயியை நிமிர்ந்து பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஒருவேளை இவர்தான் எடுத்திருப்பாரோ என்று மனதில் ஓடியதை அவரால் தடுக்க முடியவில்லை.

விண்ணரசி இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜாய்ஸ், முந்தானையை எந்தத் தோள்ல போடுவே?”

“இடது தோள்லதான் மேடம். எல்லாரையும் போல.”

“நேத்தும்?”

“நேத்தும்தான்.”

“அப்ப இந்தப் படத்துல ஏன் வலது தோள்ல இருக்கு?”

ஜாய்ஸ் போனை வாங்கிப் பார்த்தாள். முகம் மாறியது.

“செல்ஃபி எடுக்கறப்ப சில போன் கண்ணாடி மாதிரி காட்டும், அப்படியே சேமிச்சும் வச்சுக்கும்,” என்றார் விண்ணரசி. “இடது வலதாயிடும். முந்தானை மாறியிருக்குன்னா கருங்கல்லும் மாறியிருக்கு. கல்லு உங்களுக்குத் தெற்கே இருந்திருக்கு. நீங்க உக்காந்தது வடக்கே. ராமாயி சொன்ன இடம்.”

“அதானே! நானும் அதையேதான் நினைச்சேன்,” என்று ரெமிஜியஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு கல்லைத் தாண்டி ஓடினார்.

ராமாயி முன்னால் போய், சற்றும் தயங்காமல் ஓரிடத்தைக் காட்டினார். நாலாவது வீச்சிலேயே கருவி கூவியது. ஒரு சாண் ஆழத்தில் மோதிரம் கிடைத்தது. ஜாய்ஸ் அதை மாட்டிக்கொள்ளக்கூட மறந்து அழுதாள்.

லியோ சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து ராமாயியிடம் நீட்டினான். “மன்னிச்சிடுங்கக்கா.”

ராமாயி வாங்கவில்லை. “காசு வேண்டாம் தம்பி. நேத்து அவ்வளவு பேர் முன்னாடி சொன்னீங்க. இப்ப என் காதுல மட்டும் சொல்றீங்களே.”

லியோ தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். ஜாய்ஸ்தான் ராமாயியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைகளை நோக்கி நடந்தாள். அவனும் பின்னால் போனான். பஜ்ஜிக் கடை, சங்குக் கடை, பொம்மைக் கடை எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“மோதிரம் கிடைச்சிடுச்சு. இவங்க எடுக்கல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்,” என்றான் லியோ.

“கடைசிக் கடைக்குக் கேக்கல தம்பி,” என்றார் ராமாயி.

அவன் மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு முறை, உரக்கச் சொன்னான்.