டேங்குக்குள் கறுப்பு டேப்

போன் அலறியது.

காலை ஆறு இருபது.

இன்ஸ்பெக்டர் செண்பகவல்லி ரிசீவரை எடுத்தார். மறுமுனையில் ஏட்டு சீனி. கடம்பூர்ப் பக்கம் ஆளில்லாத லெவல் கிராசிங். தண்டவாளத்தில் நின்ற கார் மீது பாசஞ்சர் ரயில் மோதிவிட்டது. காருக்குள் ஒரு பிணம்.

"யாருய்யா?"

"பஞ்சுக் கடை கிருஷ்ணகுமார், மேடம்."

செண்பகவல்லிக்கு அந்தப் பெயர் தெரியும். கோவில்பட்டியில் எல்லோருக்கும் தெரியும். கை நீளமான ஆள்... அடிப்பதில்!

அரை மணி நேரத்தில் ஜீப் அங்கே இருந்தது.

கார் இரண்டாகக் கிடந்தது. முன்பாதி தண்டவாளத்தோரம். பின்பாதி கரிசல் காட்டுக்குள், பருத்திச் செடிகளின் மேல். டிரைவர் சீட்டில் கிருஷ்ணகுமார். சாவி ஆனில் இருந்தது.

ஓடுகிற கார் ஏன் தண்டவாளத்தில் நின்றது?

அதற்குப் பதில் சொல்ல ஒருவன் காத்திருந்தான். இறந்தவனின் தம்பி தங்கப்பாண்டியன். அழவில்லை. கத்தினான். அண்ணன் தினமும் விடிகாலையில் பருத்திக் காட்டுக்கு வருவது இந்த வழியாகத்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் காரைக் காமராஜ் பட்டறையில் விட்டார். பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப்பை மாற்றினார்கள். போன வாரம் கார் நடுவழியில் நின்றுபோனது.

"நேரா பட்டறைக்குப் போனாரு. கடைத்தெருவே பாக்க அந்தக் காமராஜ் கன்னத்துல ஒண்ணு விட்டாரு. அந்த அடிக்கும் புத்தி வரல. ஓட்ட வேலை பாத்து அண்ணனைக் கொன்னுட்டான் மேடம்."

செண்பகவல்லி பின்சீட்டைத் தூக்கச் சொன்னார். அடியில் டேங்க். அதன் தலையில் வட்டமாய் ஒரு மூடி. போலீஸ் டிரைவர் திருகுகளைக் கழற்றினார். மூடியோடு பம்ப்பும் மேலே வந்தது.

மூடிக்குக் கீழே பம்ப்புக்குப் போகும் இரண்டு வயர்கள். ஒன்று அறுந்து தொங்கியது. அறுந்த நுனியில்...

கறுப்பு இன்சுலேஷன் டேப்!

இரண்டு வயர்களை வெறுமனே முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள். முறுக்கு விட்டுப்போனது. பம்ப்புக்குக் கரண்ட் இல்லை. இன்ஜினுக்குப் பெட்ரோல் இல்லை. கார் நின்றது... ரயில் வந்தது.

"ஜீப்பை எடு" என்றார் செண்பகவல்லி.

---

காமராஜுக்கு அறுபத்தொரு வயது. பட்டறையில் நிற்கிற ஆள் மாதிரி இருக்க மாட்டார். வெள்ளைச் சட்டை. கஞ்சி போட்ட வேட்டி. கிரீஸ் என்பது கைக்குத்தான், துணிக்கு இல்லை என்பது அவர் கட்சி.

மகன் இசக்கிராஜா ஒரு வேனுக்கு அடியில் கிடந்தான். போலீஸைப் பார்த்து வெளியே வந்தான். இருபத்தாறு வயது. அப்பா சொல்லாமல் பேச மாட்டான் என்று ஊரில் பெயர்.

செண்பகவல்லி பிளாஸ்டிக் கவரை நீட்டினார். அறுந்த வயர். கறுப்பு டேப்.

"உம்ம பட்டறை வேலையைப் பாரும். ஒரு உசுரு போயிருக்கு."

காமராஜ் வாங்கிப் பார்த்தார். டேப்பின் ஓரத்தைக் கவரோடு சேர்த்து நிமிண்டினார். பிறகு, அசிங்கத்தைத் தொட்டவர் போலத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எங்க வீட்டு வேலை இல்ல."

"மாட்டுன எல்லாரும் சொல்லுததுதான்."

"அம்மா... டேங்குக்குள்ள டேப் சுத்துதவன் கெணத்து மோட்டாருக்கு வயர் இழுக்கத்தான் லாயக்கு. பெட்ரோல்ல கெடக்குத வயருக்குச் செம்பு டெர்மினல் வச்சு நசுக்கி இறுக்கணும். மூடியில மாட்டும்போது டக்குன்னு பூட்டு விழணும். டேப்பு ஏன் ஆகாது தெரியுமா? அதோட பசையப் பெட்ரோல் ஒரே ராத்திரியில தின்னுரும். இங்க பாருங்க, இன்னும் கவர்ல ஒட்டுது. நாங்க பம்ப்பு மாட்டி மூணு வாரம் ஆச்சு."

செண்பகவல்லி கவரை விரலால் அழுத்திப் பார்த்தார்.

காமராஜ் நிறுத்தவில்லை. வயர் மட்டுமா? மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. பெட்ரோல் கசியாமல் காப்பது அதுதான். திறந்த மூடியில் பழைய வளையத்தைத் திரும்பப் போடுவது இந்தப் பட்டறையில் கிடையாது. பழசு ஊறிப் பெருத்திருக்கும். பள்ளத்தில் உட்காராது. மதுரையிலிருந்து புது வளையம் வாங்கி வைத்திருக்கிறார். ஒருமுறை மகன் சோம்பல்பட்டுப் பழசையே போட்டான். ஸ்பானராலேயே விரல் முட்டியில் கொடுத்தார்.

"பகையாளி வண்டியா இருந்தாலும் புது வளையம்தான். எங்க மானம் மரியாதை எல்லாம் அந்த வேலையிலதான் இருக்கு. கேட்டுப் பாருங்க, போன வாரம் அவன் வண்டி நின்னது டேங்க் காஞ்சுபோயி. பெட்ரோல் போடாம ஓட்டிட்டு வந்து என் கன்னத்துல அடிச்சான். நான் திருப்பி அடிக்கல. என் வேலை பேசும்னு விட்டேன்."

"பேசுறது கோர்ட்ல பேசட்டும். பம்ப்பு மாட்டுனது யாரு?"

"நான்தான் மேடம்" என்றான் இசக்கிராஜா.

சீனி அவன் தோளில் கை வைத்தார்.

காமராஜ் மகனைப் பார்த்தார். "ஏலே... வேலையில தப்புப் பண்ணுனியா?"

"இல்லப்பா."

"அப்ப போ. நாளைக்கு வந்து கூட்டிட்டு வாரேன்."

போகிறவர்களை மறித்து ஒரு பாட்டிலை நீட்டினார். பாதி பெட்ரோல். ஒரு துண்டு வயரில் கறுப்பு டேப்பைச் சுற்றி, அவர்கள் கண்முன்னே உள்ளே போட்டு மூடினார்.

"ஸ்டேஷன்ல பத்திரமா வைங்க. நாளைக்குப் பாப்போம்."

---

மறுநாள் காலை.

பாட்டிலில் டேப் தனியாகக் கழன்று கிடந்தது. பாம்புச் சட்டை மாதிரி! பசை மொத்தமும் கரைந்து, பெட்ரோல் கலங்கியிருந்தது.

கவருக்குள் இருந்த டேப்போ இன்னும் விரலில் ஒட்டியது.

அப்படியென்றால் அது டேங்குக்குள் போய்ச் சில மணி நேரம்தான் ஆகியிருக்க வேண்டும். யாரோ விடிகாலையில் டேங்க்கைத் திறந்து, பம்ப் வயரை வெட்டி, டேப் சுற்றி, பட்டறையின் ஓட்டை வேலை போலக் காட்டியிருக்கிறார்கள்.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும் வந்தது. ரயில் நசுக்கிய இடங்களில் ரத்தக் கசிவே இல்லை. ரயில் வரும் முன்பே கிருஷ்ணகுமார் பிணம். பின்மண்டையில் இரும்பால் விழுந்த ஒரே அடி.

கொலை!

கிணற்று மோட்டாருக்கு வயர் இழுக்கிறவன்... என்று காமராஜ் வாய்க்கு வந்தபடி சொன்னது செண்பகவல்லிக்குச் சுருக்கென்று குத்தியது. பருத்திக் காட்டுக் கிணற்றில் மோட்டார் வேலை பார்ப்பது தங்கப்பாண்டியன். அதே காட்டைப் பிரிப்பதில் அண்ணனோடு வெட்டுக்குத்து வரை போனவன். மோட்டார் ரூமில் அதே கறுப்பு டேப் சுருள் கிடைத்தது.

பத்து மணிக்குத் தங்கப்பாண்டியன் லாக்கப்பில். இசக்கிராஜா வெளியில்.

பத்தரைக்குக் காமராஜ் வந்தார். அதே கஞ்சி வேட்டி. கம்பிக்குப் பின்னாலிருந்து தங்கப்பாண்டியன் அவரைக் காதில் கேட்க முடியாத வார்த்தைகளால் திட்டினான். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றார் செண்பகவல்லி. "உங்க பட்டறை பேரைக் காப்பாத்திட்டீங்க."

"அது எப்பவும் சுத்தம்தான். எவனாவது தன் மூஞ்சியில தானே சாணி அப்புவானா?"

அவர் சொன்னதையெல்லாம் சீனி வாக்குமூலமாக எழுதி வைத்திருந்தார். டேங்க்கின் மூடியையும் பார்த்து, பட்டறையில் மாட்டியது இதுதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

காமராஜ் பேனாவைத் திறந்தார். இன்னொரு கையால் மூடியை எடுத்துத் திருப்பினார்.

திருப்பிய கை அப்படியே நின்றது.

பள்ளத்தில் ரப்பர் வளையம். கச்சிதமாக, இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. அதன் வெளி ஓரத்தில் நகத்தால் சுரண்டினார்.

விரல் நுனியில் வெள்ளைப் பவுடர்.

"இதுல யாரு கை வச்சது?"

"எங்க டிரைவர் திறந்தாரு. அப்படியே கவர்ல போட்டோம். ஏன் அண்ணாச்சி?"

காமராஜ் பவுடரை இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார்.

வாசலில் இசக்கிராஜா டிவிஎஸ் வண்டியை உதைத்துக் கிளப்பினான். "அப்பா... வாரீங்களா?"

ஒரு கையெழுத்து. போட்டால் மகனோடு வீட்டுக்குப் போய்விடலாம். கம்பிக்குப் பின்னால் நிற்பவன் ஆயுசுக்கும் அங்கேயே நிற்பான். கேட்க ஆளில்லை. அந்த வெள்ளைப் பவுடரின் அர்த்தம் இந்த ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

காமராஜ் பேனாவை மூடினார்.

"மூணு வாரத்துக்கு முந்திப் போட்ட வளையம் இந்நேரம் ஊதிப்போயிருக்கும். இது புதுசு. மதுரையில இருந்து வரும்போது ஒட்டிக்கிடாம இருக்கப் பவுடர் தூவி அனுப்புவாங்க. அதுகூடப் போகல. என் அலமாரியத் தவிர இந்த ஊர்ல இது எங்கயும் கெடையாது. அந்தத் தங்கப்பாண்டியனுக்கு இப்படி ஒண்ணு இருக்குதே தெரியாது."

"அப்படின்னா..."

"இது எங்க வீட்டு வேலை."

சீனி வாசலுக்குப் பாய்ந்தார்.

---

இசக்கிராஜா மறுக்கவில்லை. மூடியையும் அப்பாவின் விரலையும் பார்த்தான். புரிந்துவிட்டது.

கிராசிங்கில் காத்து நின்று காரை மறித்திருக்கிறான். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறான். இறங்கி வந்த கிருஷ்ணகுமார் சிரித்துவிட்டுத் திரும்பினான். பின்மண்டையில் ஸ்பானர் இறங்கியது. பிணத்தை டிரைவர் சீட்டில் வைத்து, டேங்க் வேலையை முடித்து, காரைத் தண்டவாளத்துக்குத் தள்ளியிருக்கிறான்.

"அந்த ஆளு உங்களைக் கடைத்தெருவுல வச்சு அடிச்சான்ப்பா. நீங்க சும்மா இருந்தீங்க. என்னால முடியல."

"அடி வாங்குனது நான். நான் உன்கிட்ட வந்து அழுதேனாலே?"

இசக்கிராஜா தலையைக் குனிந்துகொண்டான். "டேப்பைப் பாத்ததும் நீங்க கொதிச்சிருவீங்கன்னு தெரியும். நம்ம வேலை இல்லன்னு நிரூபிக்காம விட மாட்டீங்க. அதை நம்பித்தான் சுத்துனேன்."

காமராஜின் முகம் அப்போதுதான் முதல்முறையாகக் கோணியது.

"என் ரோஷத்தையே உனக்குச் சாட்சி சொல்ல வச்சிட்டியே... சீ!"

செண்பகவல்லிக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. கேட்டார்.

"டேங்குக்குள்ள டேப் சுத்தும்போது கூசல. பழைய வளையத்தையே போட்டு மூடியிருந்தா உன்னை யாரும் தொட்டிருக்க முடியாது. கொலை பண்ணப் போறவன் புது வளையத்தை எதுக்குலே பையில கொண்டு போன?"

இசக்கிராஜா தன் விரல் முட்டிகளைப் பார்த்தான்.

"டேங்க் வேலைன்னாலே எடுத்துட்டுப் போயித்தான் மேடம் பழக்கம்... பழசைப் போட்டா கசியுமில்ல?"

லாக்கப் கதவு திறந்தது. ஒருவன் வெளியே வந்தான். ஒருவன் உள்ளே போனான். தங்கப்பாண்டியன் நன்றி சொல்லவில்லை. காமராஜின் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனான்.

காமராஜ் வேட்டியைச் சற்று ஒதுக்கிக்கொண்டார். வாசல்வரை விறைப்பாகவே நடந்தார்.

"அண்ணாச்சி" என்று கூப்பிட்டார் செண்பகவல்லி. "பையனுக்கு ஏதாவது சொல்லணுமா?"

"அவனுக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான்" என்றார் காமராஜ், திரும்பாமலே. "ஜெயில் வண்டி எதுலயாவது டேங்க் வேலை இருந்தா அவன்கிட்டயே குடுக்கச் சொல்லுங்க... கசியாது."