காகத்தின் தட்டில் ஒரு செடி

வாயாடி என்று வீட்டில் எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண், அன்று வாயே திறக்கவில்லை.

காரணம், பால்கனியில் சித்தி வைத்திருந்த மண் தட்டுகளில் ஒன்று. எந்தப் பிராணி எந்த விதையைச் சுமந்து போகிறது என்று ஆராய்வதுதான் சித்தியின் வேலை. அதற்காக ஒவ்வொரு பறவையின் எச்சத்தையும் தனித்தனித் தட்டில் மண்மேல் தூவி, என்ன முளைக்கிறது என்று காத்திருப்பார். எச்சம் என்றால் பெயரெச்சம், வினையெச்சம் என்றுதான் வாயாடி முதலில் நினைத்திருந்தாள். சித்தி டப்பாவைத் திறந்து காட்டியதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது காகத்தின் தட்டில் சிவந்த தண்டுடன் ஒரு செடி எட்டிப் பார்த்தது. சித்திக்குத் தலைகால் புரியவில்லை. காகம் இந்த விதையைப் பரப்புவதாக யாருமே எழுதியதில்லையாம். அடுத்த வாரக் கூட்டத்தில் சொல்லப் போகிறாராம்.

ஆனால் வாயாடிக்கு ஒரு சந்தேகம். அவளுடைய நாய் துரை, காலி மனையில் புரண்டுவிட்டு வந்து உடம்பை உதறுவது அந்தத் தட்டுக்குப் பக்கத்தில்தான். சொன்னால் துரைக்குப் பால்கனிக் கதவு சாத்தப்படும். சொல்லாவிட்டால் கூட்டத்தில் சித்தியின் மானம் போகும்.

ஒருவேளை காகமாகவே இருந்தால்? சும்மா சொல்லி என்ன பயன்? துரையின் முடியைச் சீவினாள். உதிர்ந்த விதைகளை உடைந்த கோப்பையில் ஊன்றி, சமையலறை ஜன்னலில் வைத்தாள்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் கோப்பையில் முளை விட்டிருந்தது. அதே சிவந்த தண்டு. அவள் கோப்பையைச் சித்தியிடம் கொண்டுபோனாள்.

"சித்தி, இது துரை முடியில இருந்து விழுந்த விதை."

சித்தியின் முகம் வாடிவிட்டது. "அப்ப காகம் இல்லையா?"

"தெரியலை சித்தி. காகமும் கொண்டு வரலாம். ஆனா இவனும் கொண்டு வர்றான்."

சித்தி கோப்பையைக் காகத்தின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு செடிகளையும் பார்த்தார். பிறகு போனை எடுத்து, காகத்தைப் பற்றி நாளை பேசப் போவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

"பறவை, வௌவால், யானைன்னு எவ்வளவோ படிச்சிருக்கேன். வீட்டு நாய் எதைச் சுமந்துட்டு வருதுன்னு நான் கேட்டதே இல்லையே, கண்ணு."

சாயங்காலம் பால்கனியில் ஒரு புதுத் தட்டு வந்தது. 'துரை' என்று சித்தியே எழுதி ஒட்டினார். இந்த ஆராய்ச்சி முடியும்வரை துரையை யாரும் குளிப்பாட்டக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அம்மா முறைத்தார். துரையோ வாலை ஆட்டிக்கொண்டு போய், சித்தியின் காலடியில் ஒட்டி உட்கார்ந்துகொண்டது.