கானலாற்றுக் கலுங்கில் இரட்டைப் பந்தம்

மழைக்காலத்தில் சில நாள் தண்ணீரும், மற்ற நாளெல்லாம் அனற்காற்றும் ஓடுகிற ஓர் ஆற்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, அன்பார்ந்த வாசகர்களே? இல்லையென்றால் கானலாற்றங்கரைக்கு எம்முடன் வாருங்கள். வழியில் குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மேற்கே மலைமுகடுகளில் கருமேகங்கள் குவிந்து மின்னிக்கொண்டிருக்க, கிழக்கே உடைமரக் காட்டுக்கு மேலே செந்நிறம் மாறாத முழுமதி எழுந்துகொண்டிருக்க, இரண்டுக்கும் நடுவே பாறைக்குறிச்சி நாட்டுப் பெருங்கண்மாய் விளிம்புவரை நிறைந்து தளும்பியது. அதன் நெடுங்கரையில், பனைகளின் நிழலில், மண்வெட்டியும் கையுமாகப் பதுங்கியிருந்தான் ஒரு வாலிபன். இடையில் வாள், கச்சையில் இரண்டு பந்தங்கள். அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலு வெட்டு வெட்டுவான், நிறுத்துவான், காது கொடுப்பான், மறுபடி வெட்டுவான்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள வெண்மணல் நாட்டை ஆளும் கண்டராயனின் தம்பி சேந்தன்தான் அவன். இரு நாட்டாரும் முன்னோர் காலந்தொட்டு ஓர் ஏற்பாட்டால் பிழைத்து வந்தவர்கள். மேலே கண்மாய் நிறைந்ததும் மிச்ச நீர் கற்கள் நட்ட கலுங்கு வழியே வழிந்து ஆற்றில் இறங்கிக் கீழ்நாட்டு ஏரிகளை நிரப்பும். அதற்கு ஈடாகக் கோடைதோறும் கீழ்நாட்டார் திரண்டு வந்து வண்டல் அள்ளிக் கரையை உயர்த்துவார்கள். வறட்சி தாங்கும் தங்கள் வரகு விதையையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். பிறகு மழை பொய்த்தது. மேல்நாட்டார் பயந்துபோய், தங்கள் அரசியின் சொற்படி கலுங்குக் கற்களின் இடைவெளிகளைப் பனம்பலகையாலும் களிமண்ணாலும் அடைத்தார்கள். கீழ்நாட்டார் கோபித்துக்கொண்டு கரை கட்ட வருவதை நிறுத்தினார்கள். முதலில் முறை தவறியது யார் என்று கேட்டால் இரு பக்கமும் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டும். அந்த வம்பு நமக்கு எதற்கு!

ஆனால் சேந்தன் கண்ணெதிரே அவனுடைய குடிகள் மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டு, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தேசாந்தரம் போனார்கள். அது அவன் நெஞ்சை அறுத்தது. கரையை வெட்டுவதற்குத் தானே போவதாக அண்ணனிடம் சொன்னான். வெட்டி முடித்ததும் ஒற்றைப் பந்தம் காட்ட வேண்டும். கிழக்கு மேட்டில் அண்ணனோடு காத்திருக்கும் படை பாய்ந்து வரும். தோற்றால் இரட்டைப் பந்தம்; படை ஊர் திரும்பிவிடும். அவர்கள் குலத்தில் இரட்டைப் பந்தம் தூக்கியவன் இதுவரை ஒருவனும் இல்லை.

"அங்கே வெட்டாதீர், ஐயா! அந்த இடம் ஏற்கெனவே கசிகிறது."

சேந்தன் துள்ளியெழுந்து வாளை உருவினான். முழங்கால்வரை சேறும் இடுப்பில் மண்கூடையுமாக ஓர் இளம்பெண் நின்றுகொண்டிருந்தாள். கரையில் மண் கொட்டும் வேலைக்காரி போலும் என்று நினைத்தான்.

"பெண்ணே, கூச்சலிட்டால்..."

"கூச்சலிடுவதானால் இதற்குள் இட்டிருக்க மாட்டேனா? நீர் வெண்மணல் நாட்டவர்தானே? உங்களவர் ஒருவருக்காகத்தான் மாலையிலிருந்து தவித்துக்கொண்டிருக்கிறோம்."

"எங்களுக்காகவா? நன்றாக இருக்கிறது! தண்ணீரைப் பூட்டி வைத்துக்கொண்டு விருந்தாளிக்குக் காத்திருந்தீர்களோ?"

அவள் முகம் சுருங்கியது. அவனைக் கரையின் உச்சிக்கு அழைத்துச் சென்று ஆற்றின் பக்கம் கைநீட்டினாள். வறண்ட மணற்படுகையின் நடுவே, வளைவுக்கு அப்பால், வரிசை வரிசையாகச் சமையல் நெருப்புகள் எரிந்துகொண்டிருந்தன.

"யார் அவர்கள்?" என்றான் சேந்தன். கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்கள் படை. மேட்டில் தண்ணீர் ஏது? தாகம் தாங்காமல் மணலில் ஊற்றுத் தோண்ட இறங்கினார்கள். அங்கேயே அடுப்பும் மூட்டிவிட்டார்கள். எச்சரிக்க ஆள் அனுப்பினோம். அம்பு தைத்துத் திரும்பி வந்தான்."

சேந்தன் உருவிய வாளை உறையில் போட்டான். இன்னும் சிறிது நேரம் வெட்டியிருந்தால் அண்ணனையும் படையையும் தன் கையாலேயே ஆற்றோடு அனுப்பியிருப்பான்!

"மலையில் கொட்டுகிற மழை இங்கே வந்துகொண்டிருக்கிறது" என்றாள் அவள். "உங்கள் நாட்டார் வராததால் கரை பலமிழந்து கிடக்கிறது. கலுங்கைத் திறக்காவிட்டால் விடியுமுன் உடையும். உங்கள் ஏரிகளும் சேர்ந்து போகும். திறந்தால் அந்த அடுப்புகளுக்கு அருகே இருப்பவர்கள் பிழைக்க மாட்டார்கள்."

"திறந்திருக்கலாமே? பகைவர்கள்தானே!"

"எனக்கும் அந்த எண்ணம் வந்தது, ஐயா. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கை வரவில்லை."

சேந்தன் நெடுநேரம் யோசிக்கவில்லை; யோசித்தால் மனம் மாறிவிடுமென்று பயந்தான். சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டி ஒரு பந்தத்தைக் கொளுத்தினான். அதிலிருந்து மற்றொன்றையும் கொளுத்தி, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினான். ஆற்றில் நெருப்புகள் சற்று நேரம் அசையாதிருந்தன. பிறகு ஒன்று அணைந்தது, இன்னொன்று, தீவட்டிகள் குழம்பிக் கலைந்து கரையேறத் தொடங்கின.

கடைசித் தீவட்டியும் மேலேறியதும் அவள் கைதட்டினாள். கரையின் மறுபுறமிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். சேந்தனும் அவர்களோடு கலுங்கில் இறங்கி, களிமண்ணைச் சுரண்டி, பலகைகளை ஒவ்வொன்றாக உருவினான். நுரையும் சருகுமாக வெள்ளம் ஆற்றில் குதித்தது.

"என்னைச் சிறைப்பிடித்து உங்கள் அரசியிடம் கொண்டுபோங்கள்" என்றான் அவன் மூச்சு வாங்க. "நான் கண்டராயரின் தம்பி சேந்தன். இந்தக் கலுங்கை அடைத்த புண்ணியவதியை ஒருமுறை பார்க்க வேண்டும்."

சுற்றியிருந்தவர்கள் வேலையை நிறுத்தித் தலைவணங்கினார்கள், அவனுக்கல்ல.

"பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர். அரிஞ்சிகை நான்தான், அடைக்கச் சொன்னவளும் நான்தான். உமது வாள் உம்மிடமே இருக்கிறது."

சேந்தனின் கை வாளின் பிடிக்குப் போனது. தேசாந்தரம் போன குழந்தைகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன. பிறகு வாளை உறையோடு கழற்றிக் கலுங்குக் கல்லின்மேல் வைத்தான்.

"இரட்டைப் பந்தம் தூக்கியவனை என் நாடு இனி ஏற்காது, தேவி. போனவர்கள் திரும்பி வந்து, இரு நாட்டு விளைச்சலும் ஒரே களத்தில் குவியும்வரை இந்தக் கலுங்கை நான் காப்பேன். இது ஆணை. அதுவரை என் அனுமதியின்றி உங்கள் கையும் இந்தப் பலகைகளைத் தொடக்கூடாது."

"தொடமாட்டேன். இந்த நீரின்மேல் ஆணை" என்றாள் அரிஞ்சிகை.

அப்போது வெள்ளத்துக்கு அப்பால், எதிர்க்கரையில் ஒரு குதிரை வந்து நின்றது. இரைச்சலையும் மீறி ஆங்காரமான குரல் ஒன்று கேட்டது. சேந்தன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"யார் அது? என்ன சொல்கிறார்?" என்றாள் அரிஞ்சிகை.

"என் அண்ணன். குலத்தைக் கெடுத்த கோழை என்று என்னை வைகிறார்."

"அதற்கா கண் கலங்குகிறீர்?"

"இல்லை, தேவி" என்றான் சேந்தன். "உயிரோடு இருக்கிறார்; அவர் குரல் கேட்கிறதே!"