தப்பு காட்டிய கட்டம்

"அய்யோ... போச்சு... எல்லாம் போச்சு!"

அலறல் கேட்டு மேனேஜர் பாங் கி-தே காபி தளும்ப ஓடி வந்தார்.

தென் கொரியாவில், கோஜே தீவின் கப்பல் கட்டும் தளம். ஓரத்தில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் தகர ஆபீஸ். உள்ளே போலீஸ் இன்ஸ்பெக்டர் தக் பியோங்-மோ கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார்... என்னாச்சு?"

"பாருங்க வாத்தியாரே! தேதி எல்லாத்தையும் காணோம். கட்டம் பூரா வேலி போட்டாப்ல ஆயிடுச்சு. வைரஸா?"

பாங் எட்டிப் பார்த்தார்.

########

"கட்டம் ஒல்லியா இருக்கு சார். தேதி உள்ள அடங்கலை. ஓரத்தைப் பிடிச்சு இழுங்க... அந்த ஓரமில்ல... சார், மேஜையோட ஓரமில்ல!"

தளத்தில் யாருக்கு ஃபார்முலா சிக்கினாலும் பாங்கைத்தான் கூப்பிடுவார்கள். 'எக்செல் சாமி' என்று பட்டப்பெயர். தப்பு காட்டும் கட்டம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், சாமிக்குச் சோறு இறங்காது.

இன்று சாமிக்குச் சோதனை.

சனிக்கிழமை காலை, தளத்துக் கடலில் ஒரு பிணம் மிதந்தது. வெல்டர் மா தோ-சிக். சட்டையெல்லாம் சோஜு சாராய நாற்றம்.

'வெள்ளிக்கிழமை அவன் வேலைக்கே வரலை. எங்கயோ குடிச்சிட்டு விழுந்திருக்கான்.' பாங் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இவ்வளவுதான்.

ஆனால் வெளியே, கேட்டுக்கு முன்னால், தோ-சிக்கின் தங்கை யோன்-ஹி நின்றுகொண்டிருந்தாள். மீன் வெட்டும் வேலையிலிருந்து ரப்பர் பூட்ஸோடு வந்தவள். "எங்கண்ணன் குடிகாரன்னு எழுதின காகிதத்தோட பொணத்தை வாங்க மாட்டேன்!" என்று அவள் கத்துவது தகரத்தைத் தாண்டிக் கேட்டது.

"காது கிழியுது," என்றார் தக். "வெள்ளிக்கிழமை யார் எந்த டேங்க்ல வேலை செஞ்சாங்கன்னு ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தா, மத்தியானம் கேஸை மூடிடலாம்னு எங்க பெரிய அதிகாரி சொல்லிட்டார். எனக்கு இந்தச் சனியன் வரமாட்டேங்குது வாத்தியாரே."

மூடிவிடலாம்!

பாங் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மத்தியானம்தான் கப்பலின் டேங்குகளுக்குப் பெயின்ட் அடித்து மூடப்போகிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் முடிந்துவிடும்.

"சொல்லுங்க சார். அடுத்து என்ன?"

"கூட்டல் வரலை. என்னமோ இங்கிலீஷ்ல திட்டுது."

#VALUE!

"என்ன டைப் பண்ணீங்க?"

"எட்டு மணி நேரம்."

"எண்ணை மட்டும் போடணும் சார்! 'மணி நேரம்'னு எழுத்துல போட்டா அது எப்படிக் கூட்டும்?"

"மனுஷனுக்குப் புரியுதே..."

"அது மனுஷனில்ல சார்!"

தக் ஒற்றை விரலால் தட்டினார். அரைப் பக்கம் காணாமல் போனது.

"அதைத் தொடாதீங்க! கையை எடுங்க! கன்ட்ரோல்... இசட்... கன்ட்ரோலை அமுக்கிட்டே... அய்யோ, அது கேப்ஸ் லாக்!"

தக் நிதானமாக இன்னொரு காபி பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டினார். அந்தப் பாக்கெட்டாலேயே கலக்கினார். கீபோர்டின் மேல் சொட்டியது.

பாங்கின் கன்னம் துடித்தது.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு," என்றார் தக். "இந்தச் செத்தவன் வரிசையில மட்டும் தப்பு வருது."

#N/A

"டேங்க் நம்பர் காலியா இருக்கே. காலிக் கட்டத்தை வெச்சுத் தேடினா என்ன கிடைக்கும்? அவன்தான் அன்னிக்கு வரலியே! அந்த வரிசையே வேணாம், எடுங்க."

தக் எடுத்தார்.

ஷீட் முழுக்க #REF! என்று பூத்துக் குலுங்கியது.

"என்னய்யா பண்ணே...!"

மரியாதை முதல் தடவையாக நழுவியது. தக் கவனிக்காதது போலத் தலையைச் சொறிந்தார்.

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க..."

"வேற ஃபார்முலா அதைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கு! அடியில கையை வெச்சா மேல இருக்கறது விழாம என்ன பண்ணும்!"

பாங் பல்லைக் கடித்துக்கொண்டு பழையபடி மீட்டார்.

"இங்க கீழ ஒரு கட்டம்," என்றார் தக். "ஆள் இறங்கின டேங்க் எண்ணிக்கையும் வாயு அளந்த டேங்க் எண்ணிக்கையும் ஒத்துப்போனா 'சரி'ன்னு வரணுமாம். ஆள் இறங்கறதுக்கு முன்னாடி ஏழு டேங்க்ல வாயு இருக்கான்னு அளந்ததா உங்க ஷீட் சொல்லுது. ஆள் இறங்கினது ஆறுலதான். 'தப்பு'ன்னே நிக்குது. இவனுக்கு ஏதாவது நம்பர் போட்டுடட்டுமா?"

"எதையாவது போட்டுத் தொலைங்க."

தக் 2 போட்டார்.

தப்பு.

"ரெண்டுல ஏற்கெனவே ஆள் இருக்கான்யா!"

5 போட்டார்.

தப்பு.

"அதுலயும் இருக்கான்! கண்ணு தெரியலையா?"

"அப்ப மூணு?"

"யோவ்!"

"மறுபடி ரெண்டே போட்டுப் பார்க்கட்டுமா வாத்தியாரே? முதல்ல சரியா அமுக்கலையோ என்னமோ..."

பாங் வெடித்தார்.

கீபோர்டைப் பிடுங்கினார். காபி கவிழ்ந்தது.

"ரெண்டுமில்ல, அஞ்சுமில்ல! ஏழு! அவன் இறங்கினது ஏழாம் டேங்க்! ஏழு போட்டா வந்துடும்! பாரு... பாரு!"

தட்டினார்.

கீழே இருந்த கட்டம் பச்சையாக மாறியது.

சரி.

மூச்சு வாங்கியது பாங்குக்கு. முகத்தில் ஒரு நொடி நிம்மதி.

ஒரே ஒரு நொடி.



"அப்பாடா, வந்துடுச்சு," என்றார் தக் மெதுவாக. "வேலைக்கே வராதவன் எப்படி வாத்தியாரே ஏழாம் டேங்க்ல இறங்கினான்?"

"அது... சும்மா... உதாரணத்துக்கு..."

"உதாரணத்துக்கு நம்பர் போடுவாங்க. 'அவன் இறங்கினது'ன்னு சொல்வாங்களா?"

தக் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். லைன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டீங்கல்ல? ஏழு. பெயின்ட்டை நிறுத்துங்க. காத்து சிலிண்டர் மாட்டிட்டு இறங்குங்க."

பாங் கதவைப் பார்த்தான். வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்கள்.

கொஞ்ச நேரத்தில் போன் உயிர் பெற்றது. ஏணிக்கு அடியில் ஒரு ஹெல்மெட் கிடக்கிறதாம். உள்ளே தோ-சிக்கின் பெயர். பக்கத்தில் வெல்டிங்குக்கான ஆர்கான் வாயு ட்யூப்.

நிறமில்லை, வாசனையில்லை. மூடிய டேங்கில் நிரம்பினால் சத்தமில்லாமல் ஆளைச் சாய்க்கும் வாயு.

"அவன் நுரையீரல்ல ஒரு சொட்டுக் கடல் தண்ணி இல்ல," என்றார் தக். "வயித்துல ஒரு சொட்டுச் சாராயம் இல்ல. சட்டையில மட்டும் இருந்துச்சு. நெருக்கி அடிச்சு ஏழு டேங்க் இருக்கு. பொய் எழுதற உன் ஷீட்டை நம்பி எதுல தேடறது? உன் வாயாலதான் வரணும். பெயின்ட் அடிச்சு மூடிட்டா அவ்வளவுதான். ஏன்யா செஞ்சே?"

பாங் தொப்பென்று உட்கார்ந்தான். சிந்திய காபியின் மேலேயே.

"டேங்க்ல இறங்கி வாயு அளக்காம ஆபீஸ்ல உட்கார்ந்து நம்பர் போடறேன்னு கண்டுபிடிச்சிட்டான். புகார் கொடுப்பேன்னான். லீக் இருக்கான்னு பாருன்னு ஏழுல இறக்கி..."

"வால்வைத் திறந்தே. மூடியை மூடினே. அப்புறம் சட்டையில சோஜுவை ஊத்திக் கடல்ல தள்ளினே."



தக் ஜன்னலைத் திறந்தார். "யோன்-ஹி! பழைய காகிதத்தைக் கிழிச்சாச்சும்மா! உங்கண்ணன் வேலைக்கு வந்த இடத்துல கொலையானான்னு எழுதப்போறோம். கையெழுத்துப் போட வா!"

கத்திக்கொண்டிருந்த அந்தப் பெண் ரப்பர் பூட்ஸோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள்.

பாங்கின் கையில் விலங்கு விழுந்தது. வாசலில் அவன் திரும்பினான். கண்ணில் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

"அப்ப... உனக்கு எக்செல் தெரியுமா?"

"பிரமோஷனுக்குக் கம்ப்யூட்டர் பரீட்சை எழுதணும்யா," என்றார் தக், ஒரே தட்டில் ஷீட்டைச் சேமித்தபடி. "நாலு தடவை ஃபெயில். எந்தத் தப்பைப் பண்ணா வாத்தியாருக்கு எவ்வளவு கோபம் வரும்னு எனக்கு அத்துப்படி!"