ஐந்து வீத ஒட்சிசன்

“அப்ப கேஸை யாரும் திருடலைங்கிறீங்களா அக்கா?”

“திருடுறவன் சிலிண்டரையே தூக்கிட்டுப் போவான் டிலானி. இது உள்ளுக்கே செலவாகி ஈக்கி.”

திங்கட்கிழமை, காலை 8.40. கடுகண்ணாவை மேட்டில் உள்ள அந்தச் சின்ன ஆய்வகத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஹபீலா, நைதரசன் குழாய் முழுக்கச் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தாள். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. கசிவு இல்லை. சிலிண்டரோ காலி.

ஆய்வு மாணவி டிலானியின் கையில் ஒரு தட்டு. உள்ளே நான்கு வாரம் வளர்த்த குருத்தெலும்பு. இறப்பர் மாதிரி விறைத்திருக்க வேண்டியது ஊறிய பாண் போலத் தொய்ந்து கிடந்தது. பன்னிரண்டு தட்டிலும் அதே கதை.

செல் வளர்க்கும் பெட்டியான இன்கியூபேட்டருக்குள் ஒட்சிசன் ஐந்து வீதம்தான் இருக்க வேண்டும். கூடினால் நைதரசன் தானாகப் பாய்ந்து அதை வெளியே தள்ளும். நைதரசன் தீர்ந்தால் ஒட்சிசன் ஏறி, குருத்தெலும்பு தொய்ந்துவிடும். பழைய இயந்திரம். இந்த நிமிட அளவைக் காட்டும், நேற்றையதை எழுதி வைக்காது.

ஆய்வகத் தலைவர் சுந்தரலிங்கம் வாசலில் நின்றபடியே சொன்னார். “பிள்ளை, நாலு மணிக்குள்ள எனக்கு எழுத்தில காரணம் வேணும். இல்லாட்டி உம்மட ஆய்வை நிப்பாட்டிறன்.”

அவர் போனதும் காவலாளி வீரையா வெறுந்தேத்தண்ணியோடு வந்தார். “ஒண்ணுமே தேறாதா மிஸ்? பதினேழுமா போச்சு?”

“எல்லாம் போச்சு மாமா.”

கோப்பையை வைத்தவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

10.15. இன்னொரு சாவி வைத்திருந்த சக மாணவன் அரூஸ் வந்தான்.

“கடைசியா எப்ப உள்ள வந்த?” என்றாள் ஹபீலா. அவனுக்கு அவள் ‘தாத்தா’, அதாவது அக்கா.

“மூணு கிழமையா ஆஸ்பத்திரியில சாம்பிள் சேக்கிறேன் தாத்தா. அங்க கையெழுத்து ஈக்கி, போய்ப் பாருங்க.”

“இவ மேல பொறாமையா?”

“இவ மெஷினோட மட்டும்தான் பேசுவா. அதப் பாத்து யாருக்குப் பொறாம வரும்?”

டிலானி சிரிக்கவில்லை. பிலிமத்தலாவையில் அவள் இருக்கும் வாடகை அறையில் பேச மெஷின்கூட இல்லை.

ஹபீலா ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தாள். கையெழுத்துகள் சரி.

11.30. “ஒரு சிலிண்டர் எத்தன நாள் வரும்?”

“ஒம்பது நாள். கடைசி மூணும் அஞ்சே நாள்தான் வந்திச்சு. கடைக்காரன் கொறச்சு நெரப்புறான்னு நெனச்சேன்.”

“கதவைத் தொறந்தா வெளிக் காத்து உள்ள போகும். அதத் தள்ள மெஷின் கேஸை ஊத்தும். நீங்க நாளைக்கு எத்தன தரம் தொறப்பீங்க?”

“ஒரே தரம்.”

“யாரோ ஏழெட்டுத் தரம் தொறக்குறாங்க. தட்டெல்லாம் பாத்தீங்களா?”

“எண்ணிட்டேன். பன்னெண்டும் இருக்கு.”

“எண்ணினீங்க சரி. வச்ச மாதிரியே ஈக்கா?”

டிலானி குனிந்தாள். இரண்டு பேரிடம் பெற்ற செல்கள். பதினான்காம் எண் ஆறு தட்டு, பதினேழாம் எண் ஆறு தட்டு. பதினேழை அவள் பின்வரிசையில்தான் வைத்திருந்தாள். இப்போது ஆறும் முன்னால், கதவை ஒட்டி வரிசையாக இருந்தன.

“கெடுக்க வந்தவன் பாதியை மட்டும் தெரிஞ்செடுத்து முன்னுக்கு வைப்பானா? பதினேழு யாருன்னு வேற யாருக்குத் தெரியும்?”

“குடுத்தவங்க வீட்டுக்குப் படிவத்தோட கொப்பி போகும். அதுல நம்பர்...” டிலானி பாதியில் நிறுத்தினாள். தட்டு பன்னிரண்டுதான், ஆனால் ‘பதினேழுமா போச்சு’ என்று காலையில் ஒருவர் கேட்டிருந்தார்.

3.20. காவல் அறை. சுவரில் மேலதிகச் சாவிக்கொத்து தொங்கியது.

“வீரையாண்ணே, கதவைத் தொறந்தது நீங்க.”

வீரையா சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். அவர் மனைவி வீரம்மா. எண் 17.

“முட்டி ஆபரேஷன்ல எடுத்தது தாயி. அப்புறம் நெஞ்சுல சளி கட்டி, காத்து காத்துன்னு கெஞ்சிக்கிட்டே போய்ச் சேந்தா. இந்த மிஸ்தான் சொன்னாங்க, அத்தையோடது உள்ள உசுரோட வளருதுன்னு. ஆனா காத்தக் கொறச்சு வச்சிருக்காங்களாம். மனசு கேக்கல. நீங்க சோறு திங்க, தேத்தண்ணி குடிக்க, வீட்டுக்குன்னு போறப்பல்லாம் தொறந்து விடுவேன். சனி, ஞாயிறு யாருமில்ல, கூடத் தொறந்தேன். ரெண்டு வார்த்த பேசிட்டு மூடுவேன். வீட்டுல பேச ஆளில்லயே.”

டிலானி கதிரையில் உட்கார்ந்தாள். “மாமா, முட்டிக்குள்ள எப்பவுமே காத்து கொறவுதான். அத்தை தேயிலைக் கொழுந்து எடுக்க ஏறி எறங்கின காலத்துலயும் அப்படித்தான். அதுக்குப் பழக்கமே அதுதான்.”

“அப்ப நான்தான் கொன்னுட்டேனா?”

“ஃப்ரீசர்ல அத்தையோட செல் இன்னும் ரெண்டு குப்பி இருக்கு.”

வீரையா முகத்தைத் துடைத்தார். “அதுக்கும் காத்தக் கொறச்சுத்தான் வைக்கணுமா மிஸ்?”

“ஆமா மாமா. தொறக்கக் கூடாது. வெளியில நின்னு பேசுங்க.”

3.50. ஹபீலாவின் முன்னால் அறிக்கைத் தாள். ‘காரணம்’ என்ற கட்டம் மட்டும் வெறுமை. உண்மையை எழுதினால் டிலானி தப்புவாள், வீரையாவின் வேலை இன்றோடு போகும். ‘இயந்திரக் கோளாறு’ என்றாலும் டிலானி தப்புவாள். ஆனால் அது பொய், பழி ஹபீலாவின் தலையில். ‘தெரியவில்லை’ என்றால் டிலானி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

“என்ன எழுதட்டும்?”

டிலானி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி 3.56. நாலுக்கு இன்னும் நாலே நிமிடம். சட்டென்று சொல்லுங்கள், பேனா உங்கள் கையில் இருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?